லிட்டரைத் தாண்டிய கூட்டல்

இரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் யுவாசா சிசுருவுக்கு மிகவும் பிடித்தது தண்ணீர் அளக்கும் பாடம். ஜூன் மாதத்தில், மழை பிடித்துக்கொள்வதற்குச் சில நாள் முன்னால் அது வரும். முப்பத்திரண்டு பிள்ளைகளையும் வெளியே கைகழுவும் தொட்டிக்கு அழைத்துப் போய், வாளியும் கெண்டியும் அளவுக் குவளைகளும் கையில் கொடுத்துவிட்டால், மற்றப் பாடங்களில் தூங்கி விழுகிறவன்கூட சட்டை நனைய நனைய அளப்பான். அந்த ஆண்டு, 1984இல், சிசுருவுக்கு இருபத்தொன்பது வயது. தொயாமா வளைகுடாவை ஒட்டிய அந்த மீன்பிடி ஊரின் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. கணக்கு நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறவள் என்று பெயரும் எடுத்திருந்தாள். அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்வதில் அவளுக்கு ஆசையும் இருந்தது.

"டீச்சர், எங்க கடையில லிட்டர் இருக்கு, மில்லி இருக்கு. இந்த டெசிலிட்டரை மட்டும் நான் பாத்ததே இல்ல. இது எங்க வாழுது?" என்று கேட்டான், சோயாவில் செய்யும் தோஃபு விற்கிற கடைக்காரர் மகன் கென்சுகே.

"பள்ளிக்கூடத்துல வாழுது. இங்கயே சாப்பிட்டு இங்கயே தூங்குது," என்றாள் சிசுரு. பிள்ளைகள் சிரித்தார்கள். "நூறு மில்லி சேர்ந்தா ஒரு டெசி. மத்தியானம் நீ குடிக்கிற பால் பாட்டில் ரெண்டு டெசி. அப்போ உன் வயித்துலயும் வாழுதுன்னு வெச்சுக்க."

கூட்டலுக்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். லிட்டர் லிட்டரோடு, டெசி டெசியோடு, மில்லி மில்லியோடு. டெசி வீட்டில் ஒன்பது பேருக்குத்தான் இடம். பத்தாவது ஆள் வந்தால் எல்லாரும் ஒன்றாகக் கைகோத்து லிட்டர் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். ஒரு லிட்டர் ஏழு டெசியையும் ஆறு டெசியையும் கூட்டி, 'ஒரு லிட்டர் பதின்மூன்று டெசி' என்று யாராவது எழுதினால், "அந்த வீடு இடிஞ்சிடும்டா, சீக்கிரம் குடி மாத்து," என்று வகுப்பே சேர்ந்து கத்தும்.

மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்காரும் மினகாவா நாகிசா கத்தமாட்டாள். தலையைக் குனிந்துகொண்டு, குடி மாற்றிய விடையைத் தெளிவான எழுத்தில் எழுதி முடித்திருப்பாள். ஒடிசலான பெண். பேச்சு குறைவு. அவளுடைய அப்பா கணவாய் மீன் பிடிக்கும் படகில் வேலை செய்தார். மே மாதம் வடக்கே ஹொக்கைதோ பக்கம் போனால் இலையுதிர் காலத்தில்தான் திரும்புவார். வீட்டில் அம்மாவும், ஏப்ரலில் பிறந்த தம்பி யோஹெய்யும் இருந்தார்கள்.

மே மாதத்தில் எல்லாப் பிள்ளைகளின் வீட்டுக்கும் ஆசிரியர் போய் வருவது வழக்கம். நாகிசாவின் வீட்டுக்கும் சிசுரு போனாள். அம்மா சினோபு கைக்குழந்தையுடன் வாசலிலேயே நின்று பேசினாள். தலை வாரியிருக்கவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கும் உள்ளே திரைச்சீலை மூடியிருந்தது.

"குழந்தை தூங்க விடுதா?" என்று சிசுரு கேட்டாள்.

"அவன் தூங்குறான். எனக்குத்தான் வரமாட்டேங்குது," என்றாள் சினோபு. பிறகு ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டவள் போல, "ஒண்ணுமில்ல டீச்சர். நாகிசா எல்லாம் பாத்துக்கிறா. ரொம்பச் சமத்து," என்றாள்.

சிசுருவுக்கு அன்று இன்னும் நான்கு வீடுகள் பாக்கி இருந்தன. பள்ளிக்குத் திரும்பியதும் நாகிசாவின் குறிப்பு அட்டையில் 'தாய் களைப்பாக இருக்கிறார். மகள் உதவுகிறாள்' என்று எழுதி வைத்தாள். அதோடு அதை மறந்துபோனாள்.

தண்ணீர்ப் பாடம் முடிகிற சமயத்தில் அவள் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தாள். வீட்டில் ஒரு திரவத்தைத் தேர்ந்தெடுத்து இரண்டு வாரம் அளக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் எவ்வளவு செலவானது என்று எழுதிக் கூட்ட வேண்டும். நோட்டை வாரம் ஒரு முறை அவள் திருத்துவாள். ஒரு நாள் கூட்டல் லிட்டரைத் தாண்டிவிட்டால் அந்தப் பிள்ளையின் பெயர் வகுப்புச் சுவரில் ஒட்டிய பெரிய தாளில் ஏறும். பிள்ளைகளுக்கு வெறியே பிடித்துவிட்டது. ஒருத்தி வீட்டுத் தேநீரை அளந்தாள். ஒருவன் அப்பா குடிக்கும் பீரை அளந்தான். கென்சுகே தோஃபு ஊறும் தண்ணீரை அளந்து முதல் நாளே நாற்பது லிட்டர் எழுதிக்கொண்டு வந்தான். நாகிசா தம்பியின் பாலை எடுத்துக்கொண்டாள். பால் புட்டியிலேயே மில்லிக் கோடுகள் இருந்தன.

முதல் வாரம் முடிந்து திங்கட்கிழமை நோட்டுகள் வந்தன. ஆசிரியர் அறையில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்த சிசுரு, நாகிசாவின் நோட்டைப் பார்த்து மகிழ்ந்துபோனாள். காலை, மத்தியானம், பள்ளி விட்டதும், சாயங்காலம், படுக்கும் முன் என்று ஐந்து கட்டம் போட்டிருந்தது. மில்லியை டெசியாக மாற்றி, ஒரு தப்பும் இல்லாமல் கூட்டியிருந்தாள். முதல் திங்கள் ஏழு டெசி. செவ்வாயும் அதே. புதன் ஆறு டெசி இருபது மில்லி. வியாழன் நான்கு டெசி அறுபது. வெள்ளி மூன்று டெசி அறுபது. சனி மூன்று டெசி. ஞாயிறு இரண்டு டெசி நாற்பது. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் 'மத்தியானம்' என்ற கட்டம் காலியாகக் கிடந்தது.

சிசுரு ஒவ்வொரு நாளுக்கும் சிவப்பு வட்டம் போட்டாள். காலிக் கட்டங்களைச் சுட்டி, 'வெறுமையாக விடக் கூடாது. ஒன்றும் இல்லையென்றால் 0 என்று எழுத வேண்டும்' என்று குறித்தாள். பக்கத்தின் அடியில் இப்படி எழுதினாள்: 'கூட்டல் எல்லாம் சரி. கெட்டிக்காரி. ஆனால் கடைசி நாட்களில் எண்கள் மிகவும் சிறியதாகிவிட்டன. உனக்கு இது போதாது. அடுத்த வாரம் லிட்டரைத் தாண்டிக் காட்டு.'

நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது பின்னாலிருந்து கென்சுகே எட்டிப் பார்த்தான். "ரெண்டு டெசியா? உன் தம்பி என்ன எறும்பா?" என்றான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சிசுருவும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான், "கென்சுகே, உன் தண்ணியை யாராவது குடிக்கிறாங்களா? பேசாம உக்காரு," என்றாள். நாகிசா தன் ஆசிரியை எழுதியதை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரத்தில் எண்கள் ஏறின. திங்கள் ஐந்து டெசி. செவ்வாய் ஏழு டெசி இருபது. புதன் ஒன்பது டெசி. வியாழன் ஒரு லிட்டர் நாற்பது மில்லி. மத்தியானக் கட்டத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு சுத்தமான பூஜ்யம். வெள்ளி காலையில் நாகிசா தானாகவே மேசைக்கு வந்து நோட்டை நீட்டினாள். அந்த வருடத்தில் அவள் தானாக எழுந்து வந்தது அதுதான் முதல் தடவை.

"தாண்டிட்டேன் டீச்சர்."

"அட, ஆமா. பத்து டெசியைக் குடி மாத்தினியா? மாத்தியிருக்கே." சிசுரு அந்தக் கூட்டலைச் சுற்றி இதழ் இதழாகப் பூ வட்டம் வரைந்தாள். நாகிசாவைக் கொண்டே அவள் பெயரையும் 'பால், 1 லிட்டர் 40 மில்லி' என்பதையும் சுவர்த் தாளில் எழுத வைத்தாள். வகுப்பு கைதட்டியது. நோட்டை மற்றப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று தன் மேசையிலேயே வைத்துக்கொண்டாள்.

அன்று மாலை ஐந்து மணிக்கு, பக்கத்து வீட்டில் மீன் உலர்த்திக்கொண்டிருந்த ஹமாய் அம்மாளிடம் நாகிசா ஓடினாள். "தம்பி கண்ணு ஒரு பக்கமாவே நிக்குது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்குது," என்றாள். ஹமாய் அம்மாள் போட்டது போட்டபடி ஓடினாள். திரை மூடிய அறையில் சினோபு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், கூப்பிட்டும் திரும்பவில்லை. குழந்தை நீலம் பாரித்துக் கிடந்தது. ஆம்புலன்ஸ் வந்து இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போனது.

அடுப்படியில் பால்மாவு டப்பா காலியாக இருந்தது. அடியில் ஒட்டியிருந்ததையும் யாரோ கரண்டியால் சுரண்டியிருந்தார்கள். புட்டியில் மிச்சமிருந்தது பாலா, அரிசி கழுவிய நீரா என்று சொல்ல முடியாத அளவுக்கு வெளிறியிருந்தது. வெறும் தண்ணீரை வயிறு நிறைய நிறையக் கொடுத்ததால் குழந்தையின் உடம்பில் உப்பு குறைந்து வலிப்பு கண்டுவிட்டது என்றார் டாக்டர்.

செய்தி சனிக்கிழமை காலையில் பள்ளிக்கு வந்தது. முதல் மணி அடிப்பதற்கு முன் சிசுரு வகுப்பறைக்குப் போய்ச் சுவர்த் தாளைப் பிரித்தெடுத்தாள். நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். நாகிசாவின் நோட்டும் அதே பைக்குள் போனது. ஏன் அப்படிச் செய்தாள் என்று பின்னால் தன்னைத்தானே எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டிருக்கிறாள். யோசித்துச் செய்ததாக நினைவே இல்லை. கைதான் செய்தது. ஆனால் கை அவளுடையது.

திங்கட்கிழமை தலைமையாசிரியர் அறையில் கூடினார்கள். குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து நடுவயதுப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். கிஃபுவிலிருந்து நாகிசாவின் அத்தை ரயிலேறி வந்திருந்தாள். அப்பாவுக்குக் கம்பியில்லாத் தந்தி போயிருந்தது, படகு கரை சேர இன்னும் இரண்டு நாள் ஆகும். நாகிசா பெரிய சோபாவின் நுனியில், கால் தரையில் படாமல் உட்கார்ந்திருந்தாள்.

"பால் எப்படிக் கரைக்கணும்னு உனக்குத் தெரியுமாம்மா?" என்று அலுவலகப் பெண் மெதுவாகக் கேட்டாள்.

"தெரியும். இருபது மில்லிக்கு ஒரு கரண்டி. தலை தட்டி அளக்கணும்."

"அப்புறம் ஏன் குறைஞ்சுது?"

"மாவு தீர்ந்துக்கிட்டே வந்துது. அம்மா நாளைக்கு எழுந்து வாங்கித் தரேன்னு சொன்னாங்க. வெளியில யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க. அதனால முதல்ல கரண்டிக்குத் தகுந்த தண்ணிதான் ஊத்தினேன். கொஞ்சமாத்தான் வந்துது. தம்பி அழுதுக்கிட்டே இருந்தான்."

"அப்புறம்?"

"டீச்சர் எண்ணு சின்னதா இருக்குன்னு எழுதினாங்க. லிட்டரைத் தாண்டணும்னு எழுதினாங்க. அதனால தண்ணியை நிறைய ஊத்தினேன். தம்பியும் வயிறு ரொம்பி அழுகையை நிறுத்திட்டான். சரியாத்தான் செய்றேன்னு நினைச்சேன்."

அறையில் இருந்த எல்லாரும் சிசுருவைத் திரும்பிப் பார்த்தார்கள். தலைமையாசிரியர், "யுவாசா டீச்சர், இது என்ன விஷயம்?" என்றார். அவர் குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. 'ஆமாம், எழுதினேன்' என்று அவள் சொல்லியிருந்தால் அந்த நிமிடத்தில் எல்லாரும் பெருமூச்சு விட்டிருப்பார்கள். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

"பாலைப் பத்தி நான் எதுவுமே சொல்லலை," என்றாள் சிசுரு. "பொதுவா எல்லாப் பிள்ளைங்களுக்கும் கூட்டல் பயிற்சி கொடுத்தேன். குழந்தை ஏதோ மாத்திப் புரிஞ்சிக்கிட்டிருக்கு."

"அந்த நோட்டு இருக்கா?"

"திருப்பிக் கொடுத்துட்டேன்னு நினைக்கிறேன்."

நாகிசா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. தான் எழுதிய விடை எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கப் பார்க்கிற பிள்ளையின் முகமாக இருந்தது. பிறகு அவளே, "நான்தான் மாத்திப் புரிஞ்சிக்கிட்டேன்," என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அலுவலகப் பெண் அதை எழுதிக்கொண்டாள்.

நடைவழியில் பக்கத்து வகுப்பு கமேதா சார் சிசுருவை நிறுத்தினார். ஓய்வு பெற மூன்று வருடம் இருந்த மனிதர். வம்பு பேசாதவர்.

"உங்க வகுப்புச் சுவத்துல ஒரு தாள் இருந்துதே. காணோம்."

"பாடம் முடிஞ்சிருச்சு சார். எடுத்துட்டேன்."

"அப்படியா." அவர் கொஞ்ச நேரம் அவள் கைப்பையைப் பார்த்தபடி நின்றார். "நாளைக்குச் சொன்னாலும் தப்பில்ல டீச்சர். நாளன்னைக்குச் சொன்னாலும் தப்பில்ல. தள்ளத் தள்ளத்தான் வாய் வராது." அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

யோஹெய் பிழைத்துக்கொண்டான். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். சினோபுவை மனநோய்ப் பிரிவில் சேர்த்தார்கள். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். படுத்துக் கிடந்த தாயைத் திட்டியவர்கள் பாதி, தம்பிக்குத் தண்ணீர் ஊற்றிய அக்காவைப் பார்த்துத் தலையாட்டியவர்கள் பாதி. கென்சுகே ஒரு நாள், "நாகிசா ஏன் வரலை டீச்சர்? நான் எறும்புன்னு சொன்னதாலயா?" என்று கேட்டான். "இல்லடா, உன்னால இல்ல," என்றாள். யாரால் என்று அவன் கேட்கவில்லை. ஜூலை தொடக்கத்தில் அத்தை இரண்டு குழந்தைகளையும் கிஃபுவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வகுப்பில் சொல்லிக்கொண்டு போகவும் நாகிசா வரவில்லை.

சிசுரு நோட்டை வீட்டில் கோடைத் துணிகளுக்கு அடியில் வைத்தாள். எரித்துவிடலாம் என்று இரண்டு முறை எடுத்தாள், இரண்டு முறையும் முடியவில்லை. எடுத்தால் படிக்காமல் இருக்க முடியாது. ஏழு, ஏழு, ஆறு இருபது, நான்கு அறுபது. ஒரு குழந்தை நாளுக்கு நாள் பட்டினி கிடப்பதை ஏழு வயதுப் பெண் ஒருத்தி பிழையில்லாமல் எழுதிக்கொண்டு வந்து தன் கையில் கொடுத்திருக்கிறாள். சிசுரு அதில் குடி மாற்றம் சரியா என்று மட்டும் பார்த்திருந்தாள். காலிக் கட்டத்தில் மத்தியானங்களில் எழுந்திருக்க முடியாமல் கிடந்த ஒரு தாய் இருந்தாள். அதற்குப் பூஜ்யம் போடச் சிசுருதான் சொல்லிக்கொடுத்திருந்தாள். கவனக்குறைவை யாரும் மன்னிப்பார்கள், ஒருவேளை அவளே தன்னை மன்னித்துக்கொண்டிருப்பாள். அந்த அறையில் சொன்ன சொல்லைத்தான் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

மறுவருடம் ஜூன் மாதம் அதே பாடம் வந்தது. புதிய இரண்டாம் வகுப்பு. கைகழுவும் தொட்டியில் சட்டை நனைய அளந்தார்கள். ஒரு சின்னப் பெண் நிரம்பிய லிட்டர் குவளையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து, "டீச்சர், இது சரியா ஒரு லிட்டர், பாருங்க," என்றாள். சிசுருவால் பார்க்க முடியவில்லை. தலைவலி என்று சொல்லி வகுப்பைக் கமேதா சாரிடம் விட்டுவிட்டு மருந்து அறையில் போய்ப் படுத்தாள். அன்றைக்கே நாகிசாவின் அத்தைக்குக் கடிதம் எழுதினாள்.

கோடை விடுமுறையின் முதல் வாரத்தில் ரயிலேறினாள். மலைகளுக்கு நடுவே ஆற்றோடு சேர்ந்து போகிற பாதை. அத்தையின் வீடு மரம் அறுக்கும் ஆலைக்குப் பின்னால் இருந்தது. அத்தை பார்லித் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். யோஹெய்க்கு ஒரு வயதும் மூன்று மாதமும் ஆகியிருந்தது. தாழ்ந்த மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான், வலது காலை ஊன்றாமல் இழுத்தான். "டாக்டர் போகப்போகத் தெரியும்ங்கிறாரு," என்றாள் அத்தை. சினோபு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து தன் அக்கா வீட்டில் இருந்தாள், மாதம் ஒரு முறை பிள்ளைகளைப் பார்க்க வருவாளாம். அப்பா இந்த வருடமும் வடக்கே போய்விட்டார்.

நாகிசா வந்து எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள். வளர்ந்திருந்தாள். சிசுரு நோட்டையும் மடித்த தாளையும் பாயில் வைத்தாள். நெற்றி பாயில் படும்படி குனிந்தாள்.

"அன்னைக்கு நான் பொய் சொன்னேன். நோட்டு என் பையிலதான் இருந்துது. நீ எதையும் மாத்திப் புரிஞ்சிக்கலை, நாகிசா. நான் எழுதினதைத்தான் நீ செஞ்சே."

அத்தை நோட்டைப் புரட்டினாள். கடைசிப் பக்கத்துப் பூ வட்டத்துக்கு வந்ததும் கை நின்றது. பிறகு, "ஒரு வருஷமா இந்தப் பொண்ணு தம்பிக்கு ஒரு டம்ளர் தண்ணி கொடுக்கமாட்டேங்கிறா. அவளும் எங்க முன்னாடி குடிக்கிறதில்ல. அது உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?" என்றாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள் நாகிசா. அத்தையும் சிசுருவும் அவளைப் பார்த்தார்கள். "நோட்டு டீச்சர்கிட்டதான் இருந்துதுன்னு எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை நான்தானே கொடுத்தேன். டீச்சர் திருப்பிக் கொடுக்கலையே."

"அப்போ ஏன்டி சொல்லலை?" என்றாள் அத்தை.

"டீச்சர் இல்லைன்னு சொன்னாங்க. டீச்சர் தப்பாச் சொல்லமாட்டாங்கன்னு நினைச்சேன். அதனால எனக்குத்தான் ஞாபகம் தப்புன்னு நினைச்சுக்கிட்டேன். ரொம்ப நாள் அப்படியே நினைச்சேன். அப்புறம் நினைக்கலை."

"என்னைத் திட்டணும்னா திட்டு," என்றாள் சிசுரு.

நாகிசா யோசித்துப் பார்த்தாள். "எனக்குத் திட்ட வரலை. நீங்க தலைமையாசிரியர்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இல்ல. முதல்ல உன்கிட்ட வந்தேன்."

"அவங்ககிட்டயும் சொல்லுங்க. அந்த அம்மா எழுதிக்கிட்டாங்களே, அவங்ககிட்டயும். அதுல என் பேரு இருக்கு."

அவ்வளவு சொல்லிவிட்டு அவள் எழுந்து, சரிந்துகொண்டிருந்த தம்பியைப் பின்னாலிருந்து அணைத்துத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வரவில்லை. மத்தியான ரயிலுக்கு நேரமாகும்வரை சிசுரு காத்திருந்தாள். அத்தை வாசல்வரை வந்தாள், ஆனால் போய்வாருங்கள் என்று சொல்லவில்லை.

மறுநாள் சிசுரு தலைமையாசிரியரிடம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஒரு வருஷம் ஆயிருச்சே டீச்சர். இப்போ எதுக்கு?" என்றார். அவள் தானே குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் போய் அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்து எழுத்தில் கொடுத்தாள். பழைய கோப்பு எடுக்கப்பட்டது, அதில் ஒரு தாள் கூடுதலாகச் சேர்ந்தது. கல்விக் குழு அவளைக் கண்டித்து, அடுத்த ஏப்ரலில் கடலிலிருந்து தள்ளியிருந்த பள்ளி ஒன்றுக்கு மாற்றியது. சில பெற்றோர் பாவம் நல்ல டீச்சர் என்றார்கள். அதைக் கேட்பதுதான் அவளுக்குக் கண்டிப்பைவிடக் கஷ்டமாக இருந்தது.

அலுவலகத்தில் கொடுத்ததன் நகலை கிஃபுவுக்கு அனுப்பினாள். அதன்பிறகு ஒவ்வொரு புத்தாண்டுக்கும் வாழ்த்து அட்டை எழுதினாள். அத்தையிடமிருந்து இரண்டு வரிப் பதில் மூன்று வருடம் வந்தது: யோஹெய் நடக்கிறான். யோஹெய் ஓடினால் விழுகிறான், ஆனாலும் ஓடுகிறான். யோஹெய் மழலையர் பள்ளிக்குப் போகிறான். நாகிசாவைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை. நான்காவது வருடம் அட்டை, விலாசதாரர் இடம் மாறிவிட்டார் என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. சிசுரு அதற்குப் பிறகும் இரண்டு வருடம் அதே விலாசத்துக்கு எழுதினாள்.